சிற்றேரிகளின் நீர்த்தர முன்கணிப்பு: புள்ளியியல் மாதிரியுருக்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறிய ஏரிகளின் நீர்த்தரத்தை முன்கணிக்கும் புள்ளியியல் மாதிரியுருக்கள் பல, நீர்த்தரக் குறியீடு என்னும் ஒற்றை எண்ணையே இலக்காகக் கொள்கின்றன. அக்குறியீடு எப்பண்புகளிலிருந்து கணக்கிடப்பட்டதோ அப்பண்புகளையே உள்ளீடாகவும் கொள்வதால், அவை ஏரியை அல்லாமல் கணக்கிட்ட வாய்பாட்டையே மீண்டும் கண்டறிகின்றன என்பதை இக்கட்டுரை எண்கணித வழியில் நிறுவ முற்படுகிறது. குறியீட்டின் எடைமுறை, தரவுகளின் சார்பின்மை, குளிர்மண்டல ஏரிகளில் உருவான சமன்பாடுகளின் பொருத்தம் ஆகியவை திறனாயப்படுகின்றன. பயனுள்ள முன்கணிப்புக்கான நெறிகள் சிலவும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: சிற்றேரி, நீர்த்தரக் குறியீடு, தொடர்புப் போக்கு, முன்கணிப்பு, கலங்கல் தன்மை, மிகை உணவூட்டம்.

முன்னுரை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை சிறியவை, ஆழம் குறைந்தவை, பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுபவை. இவை அனைத்திலும் மாதந்தோறும் நீரெடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது இயலாத செயல். ஆகவே, கிடைக்கும் சில அளவீடுகளைக் கொண்டு எஞ்சியவற்றை மதிப்பிடவும், வரவிருக்கும் சீர்கேட்டை முன்கூட்டியே அறியவும் புள்ளியியல் மாதிரியுருக்கள் தேவைப்படுகின்றன. இத்தேவை உண்மையானது என்பதாலேயே, அதனை நிறைவேற்றுவதாகக் கூறும் ஆய்வுகளைக் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது.

இத்துறையில் பரவலாகக் காணப்படும் ஆய்வு முறை பின்வருமாறு அமைகின்றது. சில ஏரிகளிலிருந்து நீர்க்கூறுகள் எடுக்கப்பட்டு, எட்டு அல்லது பத்துப் பண்புகள் அளக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து நீர்த்தரக் குறியீடு கணக்கிடப்படுகிறது. பின்னர் அதே பண்புகள் சாரா மாறிகளாகவும் குறியீடு சார்ந்த மாறியாகவும் கொள்ளப்பட்டு, பன்மடித் தொடர்புப் போக்கு, செயற்கை நரம்பு வலையமைப்பு, ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற முறைகள் பொருத்தப்படுகின்றன. தீர்மானக் கெழு 1-ஐ நெருங்குகிறது. மாதிரியுரு சிறப்பாக முன்கணிக்கிறது என்று முடிவு எழுதப்படுகிறது. எதனை முன்கணிக்கிறது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாகும்.

1. குறியீட்டின் தோற்றமும் திரிபும்

நீர்த்தரத்தை ஒற்றை எண்ணால் குறிக்கும் முயற்சியை 1965-இல் ஹார்ட்டன் தொடங்கினார். 1970-இல் பிரவுனும் அவருடைய குழுவினரும் அமெரிக்கத் தேசியத் துப்புரவு நிறுவனத்தின் ஆதரவில் ஒரு குறியீட்டை உருவாக்கினர். வல்லுநர் பலரிடம் சுற்றுச் சுற்றாகக் கருத்துக் கேட்டு ஒன்பது பண்புகளும் அவற்றின் எடைகளும் தெரிவு செய்யப்பட்டன. கரைந்த ஆக்சிஜனுக்கு 0.17, மலக் கோலிஃபார்ம் நுண்ணுயிரிகளுக்கு 0.16, பி.எச். அளவுக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கும் தலா 0.11 என எடைகள் அமைந்தன. எந்தப் பண்பு எவ்வளவு முதன்மையானது என்பதை அறிந்தோர் எடுத்த முடிவுகள் இவை. அவற்றோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம், ஆனால் அவற்றின் பின்னால் ஒரு காரணம் உண்டு.

இன்று இந்திய ஆய்வுகளில் மிகுதியும் கையாளப்படும் எடையிட்ட கூட்டுச் சராசரி முறையில் எடைகள் வேறு வழியில் பெறப்படுகின்றன. ஒவ்வொரு பண்பின் எடையும் அதற்குரிய தர வரம்பின் தலைகீழுக்கு நேர்விகிதத்தில் அமையும். வரம்பு சிறியதாயின் எடை பெரிதாகும். வரம்புகள் பெரும்பாலும் இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500:2012 என்னும் ஆவணத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. குறியீடு 25-க்குள் இருப்பின் மிக நன்று, 100-ஐத் தாண்டின் பயன்பாட்டுக்கு ஒவ்வாதது என வகைப்படுத்தப்படுகிறது. வல்லுநர் மதிப்பீடு இருந்த இடத்தில் ஒரு வகுத்தல் கணக்கு வந்துவிட்டது. இம்மாற்றத்தின் விளைவை எண்களைக் கொண்டே காணலாம்.

2. எடைகளின் கணக்கு

எட்டுப் பண்புகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் ஏற்கத்தக்க வரம்புகள்: ஃபுளோரைடு 1.0, நைட்ரேட் 45, சல்பேட் 200, குளோரைடு 250, மொத்தக் கடினத்தன்மை 200, கரைந்த மொத்தத் திடப்பொருள்கள் 500 (இவை யாவும் லிட்டருக்கு மில்லிகிராம் அளவில்). கலங்கல் தன்மை 1 என்.டி.யூ.; பி.எச். மேல்வரம்பு 8.5. இவற்றின் தலைகீழ்களைக் கூட்டினால் 2.156 கிடைக்கும். அதனால் வகுக்க, ஃபுளோரைடும் கலங்கல் தன்மையும் தலா 46.4 விழுக்காட்டு எடையைப் பெறுகின்றன. பி.எச். 5.5 விழுக்காடும் நைட்ரேட் 1 விழுக்காடும் பெற, எஞ்சிய நான்கு பண்புகளுக்கும் சேர்ந்து 0.7 விழுக்காடே மிஞ்சுகிறது.

இதன் பொருள் தெளிவானது. கலங்கல் தன்மை ஒரு என்.டி.யூ. கூடினால் குறியீடு 46 அலகு உயர்கிறது. நைட்ரேட் 2-இலிருந்து 40 மில்லிகிராமாக உயர்ந்தாலோ குறியீட்டில் ஏற்படும் மாற்றம் ஓரலகுக்கும் குறைவு. வயல்களிலிருந்து உரம் கலந்த நீர் வரத்துக்கால் வழியே ஏரியில் சேர்ந்து நைட்ரேட்டை இருபது மடங்காக்கினாலும் இக்குறியீடு அதனை உணராது. பிற்பகற் காற்று அடிவண்டலைச் சற்றே கிளறினால் ஏரி ‘கெட்டுவிட்டது’ என அறிவிக்கும். கலங்கல் தன்மை 2.2 என்.டி.யூ. ஆனாலே, வேறெப்பண்பும் கூடாமல், குறியீடு 100-ஐத் தாண்டிவிடும். ஆழமற்ற மண்கரை ஏரி எதுவும் இச்சோதனையில் தேறுவது அரிது. முடிவு ஆய்வுக்கு முன்பே தெரிந்த ஒன்றாகி விடுகிறது.

வரம்பைத் தெரிவு செய்வதும் முடிவைப் புரட்டிப்போடும். ஏற்கத்தக்க வரம்புகளுக்கு மாற்றாக, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் வரம்புகளைக் கொண்டால், கலங்கல் தன்மையின் வரம்பு 5-ஆகவும் ஃபுளோரைடின் வரம்பு 1.5-ஆகவும் மாறும். அப்போது கலங்கல் தன்மையின் எடை 46-இலிருந்து 20 விழுக்காடாகக் குறைகிறது. 20 என்.டி.யூ. கலங்கல் உடைய ஒரே நீர்க்கூறில், அப்பண்பு மட்டும் குறியீட்டுக்கு அளிக்கும் பங்கு முதல் முறையில் 928. இரண்டாம் முறையில் 79. நீரில் எதுவும் மாறவில்லை.

இவ்வெடைமுறையில் இன்னும் இரண்டு குறைகள் நோக்கத்தக்கவை. முதலாவது, குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு இ-கோலி நுண்ணுயிரிகூடக் காணப்படக் கூடாது என்பது தரம். அதாவது வரம்பு சுழியம். சுழியத்தால் வகுக்க இயலாது. எனவே கழிவுநீர்க் கலப்பை நேரடியாகக் காட்டும் பண்பு வாய்பாட்டின் அமைப்பாலேயே வெளியே நிறுத்தப்படுகிறது. 1970-இன் குறியீட்டில் அதுவே இரண்டாவது பெரிய எடையைப் பெற்றிருந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இரண்டாவது, கரைந்த ஆக்சிஜனைச் சேர்க்கும் ஆய்வுகள் அதன் உன்னத அளவாக லிட்டருக்கு 14.6 மில்லிகிராமைக் கொள்கின்றன. அது 0 பாகை செல்சியசில் தூய நீரின் தெவிட்டு நிலை. 30 பாகை வெப்பமுள்ள நீரின் தெவிட்டு நிலையோ ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். எனவே முழுமையாகத் தெவிட்டிய நம் ஏரிநீர், வரம்பு 5 எனக் கொண்டால், ஆக்சிஜன் கணக்கில் 74 என்னும் மாசு மதிப்பைப் பெறுகிறது. பாசி மண்டிய ஏரியில் நண்பகல் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் 14 மில்லிகிராம் வரை ஏறினால், மதிப்பு 6-ஆக இறங்கித் தூய நீராகத் தோன்றும். மூலக் குறியீடு ஆக்சிஜனைத் தெவிட்டு விழுக்காட்டால் அளந்தது. மிகைத் தெவிட்டலையும் குறையாகவே கண்டது. அந்நுட்பம் வழியில் எங்கோ தவறிவிட்டது.

3. முன்கணிப்பா, மறுகணக்கா?

மேற்கண்ட குறியீடு எட்டுப் பண்புகளின் நேரியல் கூட்டல். பி.எச். மட்டும் 7-இன் இருபுறமும் விலகலாக அளக்கப்படும். ஏரிநீர் 7-க்கு மேலேயே இருக்கும் வரையில் அதுவும் நேரியலே. அவ்வெட்டையும் உள்ளீடாகத் தந்து குறியீட்டை வெளியீடாகக் கேட்டால், எளிய பன்மடித் தொடர்புப் போக்கே தீர்மானக் கெழு 1-ஐத் தரும். எடைகளும் அப்படியே மீண்டு வரும். செயற்கை நரம்பு வலையமைப்பு 0.99 தருமாயின், அது தெரிந்த வாய்பாட்டைச் சற்றுப் பிழையுடன் திரும்பக் கற்றது என்பதே அதன் பொருள். எட்டு அளவீடுகளும் கையில் இருக்கும்போது குறியீட்டைக் கணக்கிட ஒரு விரிதாள் போதும். முன்கணிப்பு என்னும் சொல்லுக்கு இங்கு இடமில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எல்லாப் பண்புகளையும் அளக்காமல், மலிவாக அளக்கக்கூடிய சிலவற்றைக் கொண்டு குறியீட்டை மதிப்பிட்டால் செலவு மிச்சமாகும் அல்லவா? நோக்கம் ஏற்கத்தக்கது. ஆயினும் எடைகள் மேற்கண்டவாறு அமைந்திருக்க, கலங்கல் தன்மையும் ஃபுளோரைடும் உள்ளீட்டில் இருந்தால் எஞ்சியவை இருந்தும் இல்லாதவையே. மூன்று பண்புகளே போதும் என்னும் ‘கண்டுபிடிப்பு’ ஏரியின் இயல்பைக் கூறுவதன்று. எஞ்சியவற்றின் எடை சுழியத்தை ஒட்டியது என்பதையே கூறுகிறது. மாறிகளின் முதன்மை வரிசையைக் காட்டும் வரைபடங்களுக்கும் இது பொருந்தும். ‘கலங்கல் தன்மையே இவ்வேரியின் சீர்கேட்டுக்கு முதன்மைக் காரணம்’ என அதிலிருந்து எழுதுவது, வாய்பாட்டின் எடையை இயற்கையின் காரணமாக வாசிப்பதாகும். அம்முடிவை நம்பி ஒரு நகராட்சி வண்டலைத் தடுக்கச் செலவிட்டு, கழிவுநீர் வரும் வாய்க்காலை அப்படியே விட்டுவிடுமாயின் இழப்பு ஏரிக்கும் அதனைச் சார்ந்தோருக்குமே.

குறியீட்டை விடுத்து, அளக்கக் கடினமான ஒரு பண்பை எளிய பண்புகளால் மதிப்பிடுவது வேறு வகையான பணி. உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை அறிய இந்தியத் தரமுறைப்படி 27 பாகையில் மூன்று நாள்கள் காத்திருக்க வேண்டும். மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆக்சிஜன் ஆகியவற்றை ஏரிக்கரையிலேயே அளந்து அதனை மதிப்பிட முயன்றால், அங்கு வெளியீடு தனியே அளக்கப்பட்டதாக இருக்கும். மாதிரியுரு பிழைபட இடமுண்டு. பிழைபட இடமிருப்பதாலேயே அதன் வெற்றிக்குப் பொருளுண்டு.

4. எண்ணிக்கையும் சார்பின்மையும்

ஐந்து ஏரிகளில், ஏரிக்கு மூன்று இடங்களில், 24 மாதங்கள் நீரெடுத்ததாகக் கொள்வோம். 360 வரிசைகள் கிடைக்கும். இவற்றைச் சீரற்ற முறையில் 70 விழுக்காடு பயிற்சிக்கும் 30 விழுக்காடு சோதனைக்குமாகப் பிரிப்பது வழக்கம். இதனால் ஒரே ஏரியில் ஒரே நாளில் எடுத்த மூன்று கூறுகளுள் இரண்டு பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழ வாய்ப்பு மிகுதி. மாதிரியுரு விடையை ஏற்கெனவே கண்டுவிட்டது. சோதனை வெற்றி நினைவாற்றலைக் காட்டுமேயன்றி அறிவைக் காட்டாது.

ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் சூழலியல் ஆய்வுகளில் கண்டு பெயரிட்ட போலி மீள்செய்கை என்னும் பிழையின் வடிவமே இது. புதிய ஏரி ஒன்றுக்கு இம்மாதிரியுரு பொருந்துமா என்னும் வினாவுக்கு நம்மிடம் உள்ள சான்றுகளின் எண்ணிக்கை 360 அன்று, ஐந்து. ஓர் ஏரியை முழுமையாக விலக்கி வைத்து, பிற நான்கில் பயிற்றுவித்து, விலக்கியதில் சோதிப்பதே அவ்வினாவுக்கு உரிய முறை. தமிழ்நாட்டு ஏரிகளில் இதற்கும் மேலான கவனம் வேண்டும். மேல் ஏரியின் கலிங்கு வழியும் நீர் கீழ் ஏரிக்குச் செல்லும் சங்கிலி அமைப்பு இங்குப் பரவலானது. ஒரே சங்கிலியிலுள்ள இரண்டு ஏரிகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஆகவே சங்கிலி முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு விலக்குவதே முறையாகும்.

ஒப்பீட்டு அடிப்படை இன்மை மற்றொரு குறை. ‘சென்ற மாத அளவே இம்மாதமும்’ என்னும் கணிப்பும், ‘இம்மாதத்தின் பல்லாண்டுச் சராசரி’ என்னும் கணிப்பும் எவ்விதச் செலவுமின்றிக் கிடைப்பவை. நாஷும் சட்கிளிஃபும் 1970-இல் முன்வைத்த திறன் அளவை, சராசரியைக் காட்டிலும் மாதிரியுரு மேம்பட்டதா என்பதைச் சோதிக்கிறது. மதிப்பு சுழியமாயின் பயனில்லை, எதிர்மமாயின் சராசரியே மேல். இத்தகைய எளிய போட்டியாளர்களை வென்றதாகக் காட்டாத வரையில், சிக்கலான முறைக்கு நியாயம் இல்லை.

5. பிறமண்டலச் சமன்பாடுகள்

குறியீட்டைத் தவிர்த்து மிகை உணவூட்டத்தை நேரடியாக மதிப்பிடும் மரபும் உண்டு. 1968 முதல் வாலன்வைடர் உருவாக்கிய மாதிரியுருக்கள், ஏரிக்குள் வரும் பாஸ்பரஸ் சுமையையும் நீர் தங்கும் காலத்தையும் கொண்டு ஏரிநீரின் பாஸ்பரஸ் செறிவைக் கணிக்கின்றன. டில்லனும் ரிக்லரும் 1974-இல் பாஸ்பரசிலிருந்து பச்சையத்தின் அளவைக் கணிக்கும் மடக்கைச் சமன்பாட்டைத் தந்தனர். இவை இயற்பியல் காரணங்களை உட்கொண்டவை. வெற்றுப் பொருத்தங்கள் அல்ல. ஆயினும் அவற்றின் எடுகோள்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஏரியின் கன அளவு மாறாமல் ஒரு சமநிலையில் உள்ளது என்பதை அடிப்படையாகக் கொண்டது. இரண்டாவது, குளிர்காலம் முடிந்து இளவேனிலில் நீர் முழுதும் புரளும்போது அளந்த பாஸ்பரசிலிருந்து கோடைப் பச்சையத்தைக் கணிப்பது. மார்கழியில் நிரம்பி வைகாசியில் தரை தெரியும் கண்மாயில் சமநிலையும் இல்லை. இளவேனிற் புரட்டும் இல்லை.

கன அளவின் மாற்றம் தனியே கவனத்துக்குரியது. வரத்தும் போக்கும் இன்றி, ஆவியாதலால் மட்டும் ஏரிநீர் பாதியானால் குளோரைடு இரட்டிக்கும். மாசு எதுவும் புதிதாகச் சேரவில்லை. நீர்மட்டத்தைப் பதிவு செய்யாத ஆய்வில் வறட்சியும் மாசும் ஒன்றாகவே தோன்றும். எளிதில் வினைபுரியாத குளோரைடுடன் நைட்ரேட்டை விகிதமாக வைத்து நோக்கினால், செறிவடைதலால் வந்த உயர்வையும் புதிதாகச் சேர்ந்ததால் வந்த உயர்வையும் ஓரளவு பிரித்தறியலாம்.

கார்ல்சன் 1977-இல் வெளியிட்ட உணவூட்ட நிலைக் குறியீட்டையும் இவ்வாறே நோக்கலாம். செக்கி தட்டு 0.4 மீட்டர் ஆழத்தில் மறைந்தால் குறியீடு 73. இது மிகைநிலையின் உச்சப் பிரிவு. அதே நீரில் பச்சையம் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எனில் குறியீடு 46, இது இடைநிலை. ஒளியை மறைத்தது பாசி அன்று, களிமண். இவ்விரண்டையும் சராசரியாக்கி 60 என எழுதினால், ஏரியின் எந்த நிலையையும் அவ்வெண் குறிக்காது. இவ்வாறு சராசரி காண்பதைக் கார்ல்சனே ஏற்கவில்லை. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் ஏரியைப் பற்றிய செய்தி உள்ளது. சராசரி அச்செய்தியை அழித்துவிடுகிறது.

6. இரண்டு நிலைகளும் ஒரு கோடும்

ஆழமற்ற ஏரிகளின் தனி இயல்பொன்றை ஷெஃபரும் பிறரும் 1993-இல் விளக்கினர். ஒரே உணவூட்ட அளவில் அத்தகைய ஏரி நீர்த்தாவரங்கள் அடர்ந்த தெளிந்த நிலையிலும் இருக்கலாம். பாசி மிகுந்த கலங்கிய நிலையிலும் இருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது திடீரெனத் தாவும். திரும்பி வர, தாவிய அளவைவிட வெகுவாகக் குறைந்த பாஸ்பரஸ் தேவைப்படும். நெதர்லாந்தின் வேலுவே ஏரியில் 1960-களின் இறுதியில் நேர்ந்த தாவலும், சுமையைப் படிப்படியாகக் குறைத்த பின்னர் 1990-களில் நிகழ்ந்த மீட்சியும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன.

இத்தகைய ஏரித் தொகுதியில் பாஸ்பரசுக்கும் பச்சையத்துக்கும் ஒரே தொடர்புப் போக்குக் கோட்டை வரைந்தால், கோடு இரண்டு புள்ளித் திரள்களுக்கும் நடுவே செல்லும். அக்கோடு கூறும் இடைநிலையில் எந்த ஏரியும் நெடுநாள் நிற்பதில்லை. எச்சங்கள் இரண்டு குவியலாகப் பிரிகின்றனவா என்று பார்க்காமல் கெழுவை மட்டும் அறிக்கையிடும் ஆய்வு, இச்செய்தியைத் தவறவிடும். வெப்பமண்டல ஏரிகளில் இவ்விரு நிலைகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது. சோதிக்கும் முறை எதுவாயினும் ஒற்றைக் கோட்டை முன்னதாகவே எடுத்துக்கொண்டால் வினாவே எழாது.

7. பின்பற்றத்தக்க நெறிகள்

முதலில் பயன்பாட்டைக் குறிப்பிட வேண்டும். நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஐந்து பயன்பாட்டு வகைகளாகப் பிரித்துள்ளது. மீன்வளத்துக்குரிய வகையில் கரைந்த ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையாமலும், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். பாசனத்துக்குரிய வகையில் மின்கடத்துதிறனும் சோடியம், போரான் அளவுகளும் முதன்மை பெறுகின்றன. மீன் குத்தகைக்கு விடப்படும் ஏரியைக் குடிநீர்த் தரத்தால் அளப்பதில் பயனில்லை.

அடுத்து, அளக்கப்படும் பண்பையே இலக்காகக் கொள்ள வேண்டும். மீன் வளர்ப்பவருக்கு வேண்டியது ‘குறியீடு 312’ என்னும் எண் அன்று. நாளை விடியலில் ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் நிகழ்தகவு எவ்வளவு என்பதே அவருக்குப் பயன்படும். அதற்குப் பகல் பத்து மணிக்கு எடுத்த நீர்க்கூறுகள் மட்டும் உதவா. ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்னர்தான். அளந்த நேரத்தைக் கூறாத ஆக்சிஜன் தரவு பாதித் தரவே.

மூன்றாவதாக, குறைந்த தரவுகளுக்கு ஏற்ற முறையைத் தெரிவு செய்தல் வேண்டும். ஏரிகளை ஒரு மட்டமாகவும் ஏரிக்குள்ளான அளவீடுகளை மற்றொரு மட்டமாகவும் கொள்ளும் படிநிலை மாதிரியுருக்கள், தரவு குறைந்த ஏரி பிற ஏரிகளிடமிருந்து தகவலைப் பெற இடம் தருகின்றன. எவ்வளவு பெற்றது என்பதையும் காட்டுகின்றன. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட 51,000-க்கும் கூடுதலான ஏரிகளை உள்ளடக்கிய லாகோஸ் தரவுத்தளம் இத்தகைய ஆய்வுகளுக்கு வழி வகுத்தது. சிதறிக் கிடந்த பல சிறிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றிணைத்ததே அதன் சாதனை. நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளில் உறங்கும் அளவீடுகளை, இடம், நாள், நேரம், நீர்மட்டம் ஆகியவற்றுடன் பொதுவில் வைத்தால் அத்தகைய பணி இங்கும் தொடங்கும்.

இறுதியாக, ஒவ்வொரு முன்கணிப்புடனும் அதன் இடைவெளியையும் தருதல் வேண்டும். பத்தடிமான மடக்கை அளவில் 0.3 என்னும் சிறு பிழை, உண்மை அளவில் இரு மடங்குப் பிழையாகும். கெழுவை மட்டும் கூறுவது இதனை மறைத்துவிடும்.

முடிவுரை

எடையிட்ட கூட்டுச் சராசரிக் குறியீட்டை அதன் உறுப்புகளாலேயே முன்கணிக்கும் ஆய்வுகள், முறையியலில் எத்துணை நுட்பமாயினும், ஏரியைப் பற்றிப் புதிதாக எதனையும் கூறுவதில்லை என்பது மேற்கண்ட கணக்குகளால் பெறப்படுகிறது. இவற்றின் உயர்ந்த கெழுக்கள், பிழைபட வாய்ப்பில்லாத இடத்தில் கிடைத்தவை. தனியே அளந்த பண்பை இலக்காக்கி, முழு ஏரிகளை விலக்கிச் சோதித்து, எளிய கணிப்புகளோடு ஒப்பிட்டு எழுதப்படும் ஆய்வில் கெழு 0.4 ஆகவே இருக்கலாம். அந்த 0.4 ஏரியிலிருந்து பெறப்பட்டது. ஆய்வேட்டு நெறியாளர்களும் இதழ்களின் மதிப்பீட்டாளர்களும் 0.99-ஐக் காணும்போது, ‘வெளியீடு எங்ஙனம் அளக்கப்பட்டது?’ என்னும் ஒரு வினாவை முதலில் கேட்பார்களாயின், இத்துறையின் பெரும்பகுதிக் குறைகள் நீங்கும்.